இருபத்தோராம் பாடம்

கோக்சாய் ஆற்றுப் பாலத்துக்குக் கீழே இருந்த ஏழு வீடுகளில் மூன்றாவது என்னுடையது. இப்போது அங்கே கூழாங்கல்தான் கிடக்கிறது. அந்த ஏழு வீட்டுக்காரர்களும் வெள்ளத்தில் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்டால், ஊரில் பாதிப் பேர் ஒத்திகை நடந்தது என்பார்கள், மீதிப் பேர் அதிர்ஷ்டம் என்பார்கள். உண்மையில் என்ன நடந்தது என்பது துர்சுனாய்க்கும் அவள் கணவன் எசெனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் தபால் ஆபீஸ்காரி. இருபத்தேழு வருடம் அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காமல் கொடுத்தவள். அவள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

துர்சுனாய் எங்கள் ஆற்றை அளக்கிறவள். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, இரவுச் சாப்பாட்டுக்கு முன் எட்டு மணிக்கு ஒரு தடவை, பாலத்துக்கு மேலே நூறு அடி தள்ளி ஆற்றில் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தைப் பார்த்து, நோட்டில் எழுதி, நாரின் நகரத்து ஆபீசுக்குப் போன் செய்வாள். ஒன்பது வருடமாக அதுதான் வேலை. பனியில் கம்பம் தெரியாவிட்டால் கோடாலியால் ஐஸை உடைத்துவிட்டுப் பார்ப்பாள். வீட்டில் உட்கார்ந்து குத்துமதிப்பாக எழுதும் ஆள் இல்லை. கல்லூரியில் இரண்டாம் வருடத்தில் கல்யாணம் ஆகிப் படிப்பு நின்றுபோனது. மகளை நாரினில் தங்கை வீட்டில் விட்டுப் படிக்க வைத்தாள்.

போன வருடம் ஜனவரியில் அந்த ஆபீசின் பெண் அதிகாரி ராய்ஹான் அவளிடம் சொன்னாராம்: "நீ எண்ணை மட்டும் சொல்லிட்டே இருந்தா எண்ணை மட்டும் சொல்லிட்டே இருக்க வேண்டியதுதான். அந்த எண்ணை வச்சு வளைகோடு போடத் தெரிஞ்சா டெக்னீஷியன் வேலை தரலாம். உயர்கணிதம் படிச்சதுக்கு ஒரு சர்டிபிகேட் மட்டும் வாங்கிட்டு வா."

தலைநகர் பிஷ்கேக்கில் ஒரு பல்கலைக்கழகம் அந்தப் படிப்பை இணையத்தில் நடத்தியது. நாற்பத்து நான்கு பாடம். கெடு கிடையாது. ஒரு மாதத்திலும் முடிக்கலாம், மூன்று வருடமும் இழுக்கலாம். பாடத்தைப் படித்துவிட்டுக் கடைசியில் உள்ள கணக்குகளைப் போட்டு, விடையைக் கட்டத்தில் தட்ட வேண்டும். சரியென்றால் பச்சை. தப்பென்றால் சிவப்பு, மறுபடி போடு. பார்த்து எழுதக் கூடாதென்று ஆளுக்கு ஆள் எண்கள் மாறி வரும். துர்சுனாய் ஒரு பழைய லேப்டாப் வாங்கி, போனிலிருந்து இணையம் எடுத்து, பிப்ரவரியில் சேர்ந்தாள். காலை அளவெடுத்து வந்ததும் சமையலறை மேசையில் உட்கார்ந்துவிடுவாள்.

எசெனுக்கு அது பெரிய வேடிக்கை. அவன் லாரி ஓட்டுகிறவன். உருளைக்கிழங்கும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு கணவாய் தாண்டிப் போய் வருவான்.

"ப்ரொஃபசரம்மா, இன்னிக்கு டீ உண்டா? இல்ல அதுக்கும் சூத்திரம் போடணுமா?" என்று தபால் ஆபீஸ் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்துவான். கத்திவிட்டு அவனே டீ போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவான்.

மே மாதம் மூன்றாம் வாரத்தில் அவள் பதினைந்தாம் பாடத்தில் இருந்தாள். கடைசிக் கணக்கு எல்லை காண்பது. ஏதோ ஒன்று எழுபத்தொன்றை நெருங்க நெருங்க இன்னொன்று எதை நெருங்குகிறது என்று கேட்டிருந்தது. விடை நூற்று நாற்பத்திரண்டு. பச்சை விழுந்தது. அன்று மாலை கம்பத்தில் தண்ணீர் நூற்று நாற்பத்திரண்டு சென்டிமீட்டரில் நின்றது. அவள் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பதினாறாம் பாடம். விடை நூற்று நாற்பத்தேழு. கம்பத்திலும் அதே. "அட" என்று நினைத்தாளாம், அவ்வளவுதான். பதினேழாம் பாடத்தில் நூற்று ஐம்பத்தொன்று வந்தது. மாலை கம்பத்தருகே குனிந்தவள் நிமிரவே இல்லை. தண்ணீர் சரியாக நூற்று ஐம்பத்தொன்றாம் கோட்டை நக்கிக்கொண்டிருந்தது.

"மயிர்க்கூச்செறிஞ்சுது அக்கா, ஆனா பயம்னு சொல்ல முடியாது" என்றாள் என்னிடம். "தெரு முனையில யாரோ நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்துது. திரும்பிப் பார்த்தா யாருமில்ல, அப்படி."

மறுநாள் வேண்டுமென்றே சோதித்தாள். காலை அளவு எடுத்தபோது தண்ணீர் நூற்று ஐம்பத்தொன்றிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து பதினெட்டாம் பாடத்தை முடித்தாள்: நூற்று அறுபத்து மூன்று. மாலை எட்டுக்கு நூற்று அறுபத்து மூன்று. அதற்கடுத்த நாள் பத்தொன்பது: நூற்று எண்பத்தைந்து. ஒரே நாளில் இருபத்திரண்டு சென்டிமீட்டர் ஏற வேண்டும். மழை இல்லை, வெயிலும் சாதாரண வெயில்தான். அன்று மாலைக்காக அவள் காத்திருக்கவில்லை. விடையைத் தட்டிவிட்டு நேராக ஆற்றுக்கு ஓடினாள். அவள் கண் முன்னால், கெட்டிலில் தண்ணீர் ஏறுகிற மாதிரிச் சத்தமில்லாமல் ஏறி, நூற்று எண்பத்தைந்தில் நின்றுவிட்டதாம்.

வீட்டுக்கு வந்து அளவு நோட்டை எடுத்தாள். பாடத்தை முடித்த தேதிகள் லேப்டாப்பில் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதல் பாடத்தின் கடைசி விடை எண்பத்தெட்டு. அன்று கம்பத்திலும் எண்பத்தெட்டு. குளிர்காலத்தில் ஆறு அசையாது, அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் பிப்ரவரி முதல் மே வரை, அவள் படித்த நாள்களில் மட்டும்தான் ஆறு நகர்ந்திருந்தது. மகளுக்குக் காய்ச்சல் வந்து அவள் பதினெட்டு நாள் லேப்டாப்பைத் தொடாத ஏப்ரலில், நோட்டில் பதினெட்டு நாளும் ஒரே எண்.

அடுத்த பாடங்கள் திறந்தேதான் இருந்தன, யார் வேண்டுமானாலும் முன்கூட்டிப் படிக்கலாம். இருபதாம் பாடத்தைப் பார்த்தாள். விடையைத் தாளில் போட்டாள், கட்டத்தில் தட்டவில்லை. நூற்றுத் தொண்ணூற்றொன்று. இருபத்தொன்றைத் திறந்தாள். உச்ச மதிப்பு காணும் பாடம். அதன் கடைசிக் கணக்கில் முதல் முறையாக ஆறு என்ற சொல் இருந்தது. ஓர் ஆற்றின் நீர்மட்டம் நூற்றுத் தொண்ணூற்றொன்றிலிருந்து இன்ன சமன்பாட்டின்படி உயர்ந்து தாழ்கிறது, காலம் மணியில், மிக உயர்ந்த மட்டம் எவ்வளவு?

தாளில் போட்டாள். இருநூற்று அறுபத்திரண்டு.

பாலத்தடி வீடுகளின் முற்றத்துக்குத் தண்ணீர் வருவது இருநூற்று நாற்பதில். அதை அவள் அளந்து வைத்திருந்தாள். இருநூற்று அறுபத்திரண்டு என்றால் எங்கள் கோழிக்கூண்டு போகும், அடுப்பில் தண்ணீர் புகும். துடைத்துக்கொண்டு இருந்துவிடலாம். ஆனால் அவள் பயந்துவிட்டாள். லேப்டாப்பை மூடினாள். மாவுப் பெட்டிக்குப் பின்னால் சொருகினாள்.

அது மே இருபத்தேழாம் தேதி. அன்றிலிருந்து ஆறு நின்றது.

தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. மலையில் பனி உருகி நாளுக்கு நாள் ஆறு பொங்கும் மாதம் அது. வாய்க்காலின் வாய் ஆற்றுமட்டத்துக்கு மேலேயே நின்றது. வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை. உருளைக்கிழங்குச் செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. ஊரே பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துத் திட்டியது. நானும் திட்டினேன். ஒரு நாள் காலை கம்பத்துக்குப் போய்க்கொண்டிருந்தவளை வழிமறித்து, "ஏன்டி துர்சுனாய், ஆத்தை நீ கட்டி வச்சிருக்கியா? கொஞ்சம் அவுத்து விடு, என் கேரட்டெல்லாம் காயுது!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் தயிர் மாதிரி வெளுத்துப்போனது. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கம்பத்துக்குப் போய்விட்டாள். எனக்கு அப்போதே ஒரு மாதிரி ஆனது, ஆனால் கேரட்டுக் கவலையில் மறந்துவிட்டேன்.

ஆபீசிலும் பிரச்சினை. ஏழாம் நாள் ராய்ஹான் போனில் சத்தம் போட்டார்.

"நூத்தி எண்பத்தஞ்சு, நூத்தி எண்பத்தஞ்சு! அடுத்த பள்ளத்தாக்குல ஆறு ரெண்டரை மீட்டர் தாண்டிப் போகுது. நீ வீட்ல படுத்துக்கிட்டு எழுதுறியா?"

"இல்லக்கா."

"போட்டோ அனுப்பு. கம்பம் தெரியணும், உன் வாட்ச் தெரியணும்."

அனுப்பினாள். ராய்ஹான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மன்னிச்சிரு. மேல ஐஸுக்குள்ள எங்கயோ தண்ணி தேங்குதுபோல. நான் ஆள் அனுப்பப் பார்க்கிறேன். ஹெலிகாப்டர் கேட்டா ரெண்டு வாரம்னு சொல்லுவானுங்க" என்றார்.

தேங்குகிறது என்ற சொல்லைத் துர்சுனாய் அளவு நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்தாள். படிப்பு நடத்தும் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஒரு பையன் எடுத்தான், மரியாதையாகத்தான் பேசினான்.

"எண்களைக் கம்ப்யூட்டர் தானா போடுதுங்க. அதுல யாரும் கை வைக்க முடியாது. எந்தப் பாடம்னு சொன்னீங்க?"

"இருபத்தொண்ணு. கடைசிக் கணக்கு. ஆறு பத்தி வருதே, அது."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "இருபத்தொண்ணுல ஆறு எதுவும் இல்லையேங்க. தகரத்தை மடிச்சுப் பெட்டி செய்யற கணக்குதான். எல்லாருக்கும் அதேதான், எண் மட்டும் மாறும். உங்களுக்கு என்ன தெரியுது?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

பதினோராம் நாள், ஜூன் ஏழு, மாவுப் பெட்டிக்குப் பின்னாலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். ஒருவேளை கணக்கு மறைந்து தகரப் பெட்டி வந்திருக்கும் என்று நினைத்தாள். ஆறுதான் இருந்தது. ஆனால் சமன்பாடு மாறியிருந்தது. முதல் முறை பார்த்தபோது இதே சமன்பாட்டில் நூற்று நாற்பத்திரண்டு இருந்த இடத்தில் இப்போது இருநூற்று ஐம்பத்து நான்கு. எழுபத்தொன்று இருந்த இடத்தில் நூற்று இருபத்தேழு. தாளை எடுத்துப் போட்டாள். உச்சம் முந்நூற்றுப் பதினெட்டு. அது வரும் நேரம் ஒரு மணி.

பக்கத்தை மூடி மறுபடி திறந்தாள். முந்நூற்றுப் பதினெட்டுதான். முந்நூற்றில் பாலம் போகும். முந்நூற்றுப் பதினெட்டில் பாலத்தடியில் எதுவும் மிஞ்சாது. பதினோரு நாளுக்கு முன்பு தட்டியிருந்தால் எங்கள் கோழிக்கூண்டோடு போயிருக்கும். இனி ஒவ்வொரு நாள் தள்ளிப்போட்டாலும் கூடும்.

எசென் அன்று ஊரில் இருந்தான். லாரிக்கு அடியில் படுத்திருந்தவனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை.

"ராத்திரியில தூங்குறியா நீ? பதினோரு நாளா ஒழுங்கா சாப்பிடல, நானும் பார்க்கிறேன். நாரின்ல டாக்டர்கிட்ட போவோமா?"

"போலாம். அதுக்கு முன்னாடி ஆத்தங்கரைக்கு வாங்க. லேப்டாப்பை அங்கயே எடுத்துட்டு வரேன்."

இரண்டு பேரும் கம்பத்தடியில் போய் நின்றார்கள். பதினோரு நாளாக நூற்று எண்பத்தைந்திலேயே நின்று, கம்பத்தில் பச்சையாகப் பாசிக்கோடு படிந்திருந்தது. அவள் கல்லின் மேல் லேப்டாப்பை வைத்து, இருபதாம் பாடத்தைத் திறந்து, "நூத்தி தொண்ணூத்தொண்ணுன்னு தட்டப் போறேன், பார்த்துக்கிட்டே இருங்க" என்றாள். முதலில் வேண்டுமென்றே தப்பாக நூற்றைத் தட்டினாள். சிவப்பு. ஆறு அசையவில்லை. பிறகு சரியான விடையைத் தட்டினாள். பச்சை.

பாசிக்கோடு தண்ணீருக்குள் போனது. மெதுவாக, ஒழுங்காக, ஆறு சென்டிமீட்டர். அப்புறம் நின்றது.

எசென் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு "அதை மூடு" என்றான். குரல் அவன் குரலாக இல்லையாம். "மூடிட்டு எங்கிட்ட குடு. கையில வச்சுக்காத."

"தட்டித்தான் ஆகணும். நாளைக்குன்னா இன்னும் பெருசா வரும்."

"தெரியுது. முதல்ல பாலத்தடியைக் காலி பண்ணணும். கணக்குப் புத்தகத்துல வெள்ளம் வருதுன்னு சொன்னா சோனுன் அக்கா நம்மளைச் செருப்பால அடிக்கும்."

சோனுன் அக்கா என்பது நான்தான். அவன் சொன்னது சரி, அடித்திருப்பேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே எசென் லாரியோடு வந்து ஹார்னை அழுத்தினான். மாவட்டத்திலிருந்து உத்தரவாம், வெள்ள ஒத்திகையாம், ஏழு வீடும் பத்து மணிக்குள் பள்ளிக்கூட மேட்டுக்குப் போக வேண்டுமாம், பெட்டி படுக்கை, ஆவணம், கால்நடை எல்லாம் எடுத்துக்கொண்டு. போகாதவர்களுக்கு அபராதமாம். அபராதம் என்றதும் ஆறு வீட்டுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே மூட்டை கட்டினார்கள். நான் மட்டும் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஆறு சாகக் கிடக்குது, வெள்ள ஒத்திகையா? எந்த முட்டாள் போட்ட உத்தரவு? காகிதத்தைக் காட்டு."

"காகிதம் அப்புறம் வரும் அக்கா."

"தபால் ஆபீஸ்ல இருக்கிறவ நான். என் கைக்கு வராம எந்தக் காகிதம் வரும் இந்த ஊருக்கு? என் பசு இன்னிக்கோ நாளைக்கோ கன்னு போடப்போகுது. அதைக் குலுக்கிக்கிட்டு உன் லாரியில ஏத்த மாட்டேன். அபராதம் போட்டுக்கோ."

கதவைச் சாத்தப் போனேன். அப்போதுதான் துர்சுனாய் வந்தாள். என் கையைப் பிடித்தாள். அவள் கை ஐஸாக இருந்தது. "அக்கா, நான் ஒன்பது வருஷமா ஒரு எண்ணைக்கூடப் பொய்யா எழுதினதில்ல. உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும். அதுக்கென்ன?"

"இது ஒத்திகை இல்ல. எதுவும் கேக்காத. மாட்டை ஏத்து."

கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் திரும்பிப் போய்ப் பசுவின் கயிற்றை அவிழ்த்தேன். லாரிக்குப் பின்னால் பலகை சாய்த்து, நான்கு பேர் தள்ளி, என் பசுவை ஏற்றினோம். எசென் பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்கு ஓட்டுகிற மாதிரி ஓட்டினான்.

பத்து மணிக்கு அவள் ராய்ஹானுக்குப் போன் செய்தாள்.

"அளவு நூத்தி தொண்ணூத்தொண்ணுக்கா. உள்ளதுதான் சொல்றேன். ஆனா கீழ இருக்கிற ரெண்டு பாலத்தையும் இப்பவே அடைக்கச் சொல்லுங்க. காரணம் கேக்காதீங்க."

"ஒன்பது வருஷத்துல நீ என்கிட்ட எதுவும் கேட்டதில்ல" என்றார் ராய்ஹான். "சரி. அடைக்கிறேன். தப்பாப் போனா ரெண்டு பேரும் சேர்ந்து உருளைக்கிழங்கு விதைப்போம்."

பத்தேகாலுக்குத் துர்சுனாய் பள்ளிக்கூட மேட்டின் பின்பக்கம், சுவரோரம் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்தாள். எசென் பக்கத்தில் நின்றான். அவள் தாளில் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாளாம். எங்காவது தான் தப்பு செய்திருக்க வேண்டும் என்று மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தாளாம். மூன்று விதத்திலும் அதே முந்நூற்றுப் பதினெட்டு; முந்தின நாள் ஆறு கொஞ்சம் நகர்ந்ததாலோ என்னவோ, ராத்திரியில் அது ஏறியிருக்கவில்லை. தட்டினாள்.

மேட்டின் முன்பக்கம் நாங்கள் எல்லோரும் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து எசெனைத் திட்டிக்கொண்டிருந்தோம். வானம் ஒரு மேகமில்லாமல் நீலமாக இருந்தது. குழந்தைகள் ஒத்திகை என்ற சந்தோஷத்தில் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். யாரோ ரொட்டியையும் பாலாடையையும் பிரித்தார்கள். பத்தேமுக்கால் இருக்கும், என் பசு தலையைத் தூக்கி மலைப்பக்கம் பார்த்தது. பிறகு நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. காற்றில் ஈர மண் வாசனை வந்தது, பாதாள அறையைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. அப்புறம் கீழே ஆற்றில் சத்தமே இல்லாமல் போனது. பிறந்ததிலிருந்து என் காதில் இருந்த சத்தம் அது. நின்றபோதுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது.

அடுத்துப் பள்ளத்தாக்கின் வளைவிலிருந்து அது வந்தது. தண்ணீர் மாதிரியே இல்லை. கறுப்பாக, கூரை உயரத்துக்குக் கல்லும் ஐஸும் மரமுமாகப் புரண்டு வந்தது. ஐஸ் கட்டிகள் வெயிலில் மின்னின. அளவுக் கம்பம் முதலில் போனது. பாலத்தின் நடுப்பகுதி மேலே வளைந்தது, பிறகு இல்லாமல் போனது. என் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். கதவு பூட்டோடு தனியாக மிதந்து போனதைப் பார்த்தேன். ஒருவரும் அழவில்லை. குழந்தைகள்கூட எங்கள் காலைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்கள்.

பதினொன்றேகாலுக்கு உச்சம். எனக்கு அப்போது அது தெரியாது, ஆனால் சரியாக அந்த நேரத்தில் துர்சுனாய் சுவரோரத்திலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றது நினைவிருக்கிறது. பன்னிரண்டேகாலுக்கு ஆறு ஒன்றும் நடக்காத மாதிரி பழைய அளவுக்கு வந்துவிட்டது. பாலத்தடியும் அதன் தோட்டங்களும் இருந்த இடத்தில் வெறும் கல். என் பசு அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்து விறகுக் கொட்டகையில் கன்று போட்டது.

பத்து நாள் கழித்து மாவட்டத்திலிருந்து கருவிகளோடு வந்தார்கள். மலைமேல் ஐஸுக்குள் ஓர் ஏரி தேங்கி உடைந்ததாகச் சொன்னார்கள். கரைப்பாறையில் படிந்திருந்த சேற்றுக்கோட்டை அளந்து, முந்நூற்றுப் பதினெட்டு என்று எழுதினார்கள். எசெனைப் பார்த்து, "ஒத்திகைக்கு உத்தரவு போட்டது யார்?" என்று கேட்டார்கள். ராய்ஹான் முந்திக்கொண்டு, "நான்தான்" என்றார்.

நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில்தான் தங்கியிருந்தோம். ஒரு மத்தியானம் வகுப்பறையில் நான் கம்பளியை மடித்துக்கொண்டிருந்தபோது துர்சுனாய் வந்து, கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்து, நான் இவ்வளவு நேரம் சொன்னதையெல்லாம் சொன்னாள். கடைசியில், "உன் வீடு போனது என்னாலதான் அக்கா. முதல் நாளே தட்டியிருந்தா கோழிக்கூண்டோட போயிருக்கும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் என் கணவர் கையால் அடித்த ஜன்னல் சட்டங்கள் இருந்தன. கம்பளியை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

"முதல் நாள் எங்ககிட்ட சொல்லாம தட்டியிருந்தா?" என்று கேட்டேன்.

"தெரியாது. ராத்திரின்னா யாராவது..."

"தட்டாமயே இருந்திருந்தா?"

"அதுவும் தெரியாது."

"தெரியாதுல்ல? எனக்கும் தெரியாது. நானே ஆத்தை அவுத்து விடுன்னு உன்கிட்ட கேட்டவதானே" என்றேன். "எழுந்திரு. பசுவுக்குத் தண்ணி வைக்கணும், வாளியைப் பிடி." அவளை மன்னித்தேனா என்று இன்றுவரை நான் யோசித்துப் பார்த்ததில்லை. அவள் வாளியைப் பிடித்தாள்.

ஆறு அதன் பிறகு தன் பாட்டில் ஏறி இறங்கியது. புதுக் கம்பம் நட்டார்கள். துர்சுனாய் பாடத்தைத் தொடவில்லை, ஆனாலும் கம்பத்தில் காலையில் ஓர் எண், மாலையில் வேறோர் எண். அதைப் பார்த்து அவளுக்குத் தைரியம் வந்தது. படிப்பை முடித்துவிடலாம், இன்னும் பாதிதானே என்று ஆகஸ்டில் ஒரு நாள் லேப்டாப்பைத் திறந்தாள். இருபத்திரண்டாம் பாடத்தின் கடைசிக் கணக்குக்கு நேராகப் போனாள், ஆறு இருக்கிறதா பார்க்க.

ஆறு இல்லை. ஒரு லாரி கணவாயிலிருந்து இறங்குகிறது என்று தொடங்கியிருந்தது. பிரேக் பிடித்த கணத்திலிருந்து என்று இரண்டாம் வரி. அதற்குமேல் அவள் படிக்கவில்லை.

நேராகத் தபால் ஆபீசுக்கு வந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். "தட்டினா என்ன ஆகும்னு தெரியல. தட்டாம வச்சா அந்த எண் ஏறுமோன்னும் தெரியல. திறந்து பார்த்தாதான் தெரியும். திறக்கவே கை வரல அக்கா."

"எசென்கிட்ட சொன்னியா?"

"சொல்லல."

"சொல்லு. போன தடவை அவன்கிட்ட சொன்ன பிறகுதான் எங்க எல்லாருக்கும் வழி பிறந்துது."

சொன்னாள். எசென் தாடையைத் தேய்த்துக்கொண்டானாம். "எவ்வளவு தூரத்துல நிக்கும்னு கேட்டிருக்கா?" என்றானாம்.

"படிக்கல."

"நல்லதாப் போச்சு. நீ படிக்காத, நான் பிரேக்கை மாத்துறேன்." அதே வாரம் நாலு சக்கரத்துக்கும் புது பிரேக் போட்டான். லாரியை விற்றுவிடு என்று நான் சொன்னேன். "வித்தா வாங்குறவன் இறங்குவான் அக்கா, கணவாயில. அவனுக்கும் பொண்டாட்டி இருப்பாளே" என்றான்.

அவள் அதற்குப் பிறகு பாடத்தைத் திறக்கவில்லை. டெக்னீஷியன் வேலை நாரினில் ஒரு பையனுக்குப் போனது. எசென் வாரம் ஒரு தடவை கணவாய் தாண்டுகிறான். முன்பு மூன்று மணி நேரத்தில் இறங்குவான், இப்போது ஐந்து. பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்துத் திட்டுவார்களாம். அவன் திரும்பி வரும் வியாழக்கிழமைகளில் துர்சுனாய் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு தபால் ஆபீசுக்கு வருவாள். என் ஜன்னலிலிருந்து கணவாய்ச் சாலை தெரியும். நான் எதுவும் கேட்பதில்லை. முத்திரை குத்திக்கொண்டே நானும் சாலையைத்தான் பார்ப்பேன்.

போன வியாழன் அவன் வரத் தாமதமானது. நாலு மணி, ஐந்து மணி. டீ ஆறி மேலே ஆடை படிந்தது. ஆறு மணிக்கு மேல் வளைவில் புழுதி தெரிந்தது. கீழே வந்து லாரியை நிறுத்தி இறங்கினான், தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. மேலே கல் விழுந்து சாலையை அடைத்துவிட்டதாம், வரிசையில் மூன்று மணி நேரம் நின்றானாம். பசியில் எரிந்து விழுந்தான். துர்சுனாய் அவனை வீட்டுக்கு அழைத்துப் போய், கறி போட்ட நூடுல்ஸை ஒரு பெரிய கிண்ணம் நிறைய வைத்தாள். நானும் போயிருந்தேன். அவன் தலையைக் குனிந்து பாதிக் கிண்ணம் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"என்ன ரெண்டு பேரும் இப்படிப் பார்க்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றாள் துர்சுனாய். "ஆறிடும், சாப்பிடுங்க."